உம்மாவின் படமும் ஹேவாஹெட்ட மழையும்



உங்கள் வீட்டு அலுமாரியில், மடித்து வைத்த பழைய சேலைகளுக்கு அடியில், ஒரு புகைப்படம் இருக்கிறதா? மௌத்தாகிப்போன உம்மாவின் படமோ, வெளிநாட்டில் இருக்கும் நானாவின் சின்ன வயதுப் படமோ, உங்கள் கல்யாண அல்பமோ, ஏதேனும் ஒன்று இருக்கும். இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பார்க்கத் தவறியவள் ஒருத்தியின் கதைதான் இது.

நான் பிறந்தது ஹேவாஹெட்டயில். கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக மலை ஏறி வரும் பாதையில் இருக்கிற சின்ன ஊர் அது. சுற்றிலும் தேயிலை. வாப்பா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். உம்மா 1986 இல் வபாத்தானார். அப்போது எனக்குப் பதினொரு வயது. உம்மாவை எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1978 இல் சாச்சியின் கல்யாணத்துக்காகக் கண்டிக்குப் போனபோது ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சட்டமும் கண்ணாடியும் போட்டது.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட வாப்பா ஒருநாளும் சம்மதிக்கவில்லை. உருவப்படத்தை வீட்டில் தொங்கவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதே நேரம் அதை எறிந்துவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. உம்மாவின் சேலை ஒன்றில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். பெருநாளைக்குப் பெருநாள் எடுத்துப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். எங்களுக்கு முன்னால் பார்த்ததில்லை.

வாப்பா 2009 இல் வபாத்தானார். இரண்டு வருடம் கழித்து, "உம்மும்மா எப்படி இருப்பாங்க?" என்று என் மகள் கேட்டபோதுதான் சேலையைப் பிரித்தேன். கண்ணாடிக்குள் படம் முழுவதும் வெள்ளையும் பழுப்புமாகப் புள்ளிகள். பூஞ்சணம்! ஓரத்தில் கொடி கொடியாக ஓடியிருந்தது. ஆனாலும் உம்மாவின் முகம் தெரிந்தது. அதைத் துடைத்துச் சுத்தப்படுத்திவிடலாம் என்று சட்டத்தைக் கழற்றி, படத்தைக் கண்ணாடியிலிருந்து மெல்ல உரித்தேன்.

முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கையில் வந்தது வெறும் வெள்ளைக் கடதாசி.

உம்மா மௌத்தான அன்றைக்குப் பிறகு நான் அப்படி அழுதது அன்றுதான்.

ஈரம் என்ன செய்கிறது?

கண்டியில் வயதான ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் அந்தத் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழட்டியிருக்கக் கூடாது மகள். கண்ணாடியோட அப்படியே வச்சு ஒரு படம் எடுத்திருக்கலாமே. அது போதுமே."

அந்த ஒரு வார்த்தை முன்னமே தெரிந்திருந்தால்! நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழைய புகைப்படத்தின் மேல்பூச்சு ஜெலட்டினால் ஆனது. ஆம், மிட்டாய் வாங்கும்போது ஹலாலா என்று நாம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே, விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் அதே ஜெலட்டின். அதில்தான் உருவம் பதிந்திருக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் ஊறி இளகும். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பசைபோல ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணத்துக்கோ அது நல்ல சாப்பாடு. இருட்டு, அசையாத காற்று, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வளரத் தொடங்கிவிடும். சேலையில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தோமே, மூன்றையும் நாமே அதற்குக் கொடுத்திருக்கிறோம்!

நம் மலைநாட்டில் மழைக்கால இரவுகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தையும் தாண்டும். தேயிலைக்கு அது நல்லது. படத்துக்கும் கமராவுக்கும் அது விஷம். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே நீடித்து நின்றாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். 40 முதல் 50 சதவீதம் வரை வைத்திருந்தால் கமராவுக்குப் பயமில்லை.

கமராவின் கதையும் கேளுங்கள். ஜித்தாவில் வேலை பார்த்த நானா ஒரு யஷிகா கமரா கொண்டுவந்திருந்தார். அழகான தோல் உறையில் போட்டு, பத்திரமாகப் பூட்டி வைத்தோம். சில வருடம் கழித்துத் திறந்தால் வில்லைக்குள்ளே சிலந்திவலை போல ஒரு படலம். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும், வில்லையில் ஒட்டிய தூசியையும் கை எண்ணெயையும் தின்று பூஞ்சணம் வளரும் என்பதும், அது கசியவிடும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும் என்பதும் அன்று யாருக்குத் தெரியும்? பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். வெயில் வெளிச்சமும் காற்றும் பட அடிக்கடி எடுத்துப் பாவித்திருந்தால் அந்தக் கமரா பிழைத்திருக்கும். பூட்டி வைத்ததாலேயே கெட்டுப்போகிற பொருள்களும் உலகத்தில் உண்டு.

மீண்டும் ஊருக்கு

2024 டிசம்பர் விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு ஹேவாஹெட்டக்குப் போனேன். அவள் இப்போது பல்கலைக்கழக மாணவி. நல்ல கமரா ஒன்று வைத்திருக்கிறாள். "உம்மாவோட ஊரை நான் படம் எடுக்கணும்" என்றாள்.

முதல்நாள் இரவு கண்டியில் குளிரூட்டிய அறையில் தங்கினோம். சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்து அவள் கமராவைத் தூக்கினாள். கண் முன்னால் வில்லை வெள்ளையாகிப் போனது. "உம்மா, கமராவுக்கு வேர்க்குது!" என்று சேலைத் தலைப்பால் துடைக்க வந்தாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். குளிர்ந்த போத்தலை வெளியே வைத்தால் அதன்மேல் நீர் பூக்கிறதே, அதே சங்கதிதான். துடைத்தால் தூசியோடு தேய்த்துக் கீறல் விழும். துடைத்த மறுநிமிடம் மீண்டும் பனிக்கும். உள்ளேயும் நீர் கோத்துவிட்டால் கமராவே கெடும்.

செய்ய வேண்டியது எளிது. குளிரூட்டிய அறையிலிருந்து புறப்படும் முன் கமராவை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். வெளியே வந்து அரைமணி நேரம் பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் மேலே பூக்கும், கமரா உலர்ந்தே இருக்கும். பொறுமைதான் மருந்து. கைத்தொலைபேசிக்கும் இதே விதிதான்.

வழியெல்லாம் அவளுக்கு நான் சொல்லிக்கொண்டு போனவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் ஆளைப் படம் எடுக்காதீர்கள். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் சூரியன் தலைக்கு நேராக நிற்கும். முக்காட்டின் நிழலில் கண்கள் இரண்டும் குழியாகத் தெரியும். சுபுஹுக்குப் பிறகும் அஸருக்குப் பிறகும் வருகிற சாய்ந்த வெளிச்சம்தான் முகத்துக்கு அழகு. மஃரிபுக்குப் பிறகு வெளிச்சம் சட்டென்று போய்விடும், காத்திருக்காது. மழைத் தூறலில் கமராவைப் பொலித்தீன் பையால் மூடி, வில்லைக்கு மட்டும் ஒரு துவாரம் விட்டால் போதும். தூறலிலும் மூடுபனியிலும் வில்லையைக் கழற்றி மாற்றவே கூடாது. வியர்வைக் கையைத் துடைக்க ஒரு துணி, வில்லையைத் துடைக்க வேறொரு துணி என்று இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

கமராவின் மூதாதை நம் இப்னு ஹைதம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதையும் அவள் கேட்டாள். பஸ்ராவில் 965 இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் அவர். இருட்டறையில் ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளிச்சம் புகுந்து எதிர்ச்சுவரில் விழுவதை ஆராய்ந்தார். கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் அல்ல, பொருளிலிருந்து வெளிச்சம் கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். கமராவையே அவர் செய்துவிட்டார் என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. உள்ளதைச் சொன்னாலே பெருமைதான்.

பெயர் இல்லாத முகங்கள்

ஹேவாஹெட்டப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் லூல்கந்துர தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். இலங்கையின் தேயிலை வணிகம் அதிலிருந்து தொடங்கியது. டெய்லரின் புகைப்படம் இருக்கிறது. அவர் உட்கார்ந்த கல் இருக்கை என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். 1892 இல் இறந்த அவருக்குக் கண்டி மகியாவையில் கல்லறையும் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் மண் கொத்திய தமிழ்த் தொழிலாளர்களின் முகம் எங்கே? அவர்கள் பெயர் எங்கே?

அந்தக் காலத்தில் மலைநாட்டில் ஒரு பெண்ணும் கமரா வைத்திருந்தார் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஜூலியா மார்கரெட் கமரொன் என்பது அவர் பெயர். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றார். கணவருக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இங்கே வந்து குடியேறினார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கமானார்.

அவர் காலத்தில் படம் எடுப்பது பெரும்பாடு. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்கு முன் படம் எடுத்து, காய்வதற்கு முன்பே கழுவியும் விட வேண்டும். சில நிமிடங்கள்தான் அவகாசம். நம்முடைய சூட்டில் அது இன்னும் விரைவாகக் காயும். சுத்தமான தண்ணீரும் மருந்தும் கிடைப்பது கஷ்டம். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தமிழரும் சிங்களவரும் கமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். ஒரு படத்தின் தலைப்பே களுத்துறைக் குடியானவர்கள் சிலர் என்பதுதான். யார், எவர் மகன், எவர் மனைவி என்று எதுவும் இல்லை. அவர்களில் யாராவது தங்கள் படத்தைத் தாங்களே கண்டிருப்பார்களா?

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அன்று காலையில் நடந்தது அப்படி.

பாதையோர லயம் ஒன்றின் வாசற்படியில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மூடுபனி விலகி வெயில் அவர் முகத்தில் விழுந்தது. மகள் கமராவை உயர்த்திவிட்டாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கும்படி சூரத்துந் நூரில் அல்லாஹ் நமக்குக் கற்றுத் தருகிறான். வீட்டின் வாசலுக்கே அந்த மரியாதை என்றால், மனிதரின் முகத்துக்கு எவ்வளவு?

அவள் வெட்கத்தோடு கமராவை இறக்கிவிட்டு, "ஒரு படம் எடுக்கலாமா அம்மா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா சிரித்தார். "புடிங்க புள்ள. எத்தன பேரு புடிச்சிட்டுப் போயிருக்காங்க. வெள்ளக்காரங்க, கொழும்பு ஆளுங்க... கொழுந்து எடுக்கிற காலத்துலயே கூடையோட நிக்கச் சொல்லிப் புடிப்பாங்க. ஆனா எம் மொகத்த இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எனக்குக் காட்டுனதில்ல. அடையாள அட்டையில இருக்கிறதுதான் எம் படம்."

சகோதரிகளே, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எத்தனையோ நாட்டு வீடுகளில் அவர் முகம் இருக்கக்கூடும். அவர் வீட்டில் இல்லை!

பேச்சுக்குப் பேச்சாக, பஜாரில் கடை வைத்திருந்தவரின் மகள் நான் என்று சொன்னேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மொதலாளி மகளா? அட தங்கச்சி... ஒங்கம்மாவ எனக்கு நல்லாத் தெரியுமே! நோம்பு மாசத்துல தூக்குச்சட்டி நெறையக் கஞ்சி ஊத்திக் குடுப்பாங்க. எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். வெறகு வெட்டயில சிராய் தெறிச்சதுன்னு சொன்னாங்க."

புருவத்தில் தழும்பு! நான் அதை மறந்தே போயிருந்தேன். அவர் சொன்னதும் உம்மா சட்டென்று என் கண் முன்னால் வந்தார். அந்தத் தழும்பை விரலால் தடவிக்கொண்டு தூங்கின பிள்ளை நான். நான் உரித்துக் கெடுத்த படத்தில் அது இருந்ததேயில்லை. அந்த நாளில் ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவில் பென்சிலால் தீட்டி வடுக்களை மறைத்துவிடுவார்கள். உம்மாவின் படம் என்று எதை நினைத்து இத்தனை வருடம் அழுதேனோ, அதில் இல்லாத உம்மாவை ஒரு லயத்து வாசலில் அல்லாஹ் எனக்குத் திருப்பித் தந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

மகள் அந்த அம்மாவைப் படம் எடுத்தாள். கூடை இல்லை, கொழுந்து இல்லை. கீரைத் தட்டும் சிரிப்பும் மட்டும். கண்டிக்குத் திரும்பியதும் இரண்டு பிரதி அச்சடித்து, பின்புறம் அவர் பெயரையும் திகதியையும் ஊரையும் எழுதி, ஒன்றைப் பேரன் மூலமாக அனுப்பி வைத்தோம். பொலித்தீன் உறையில் போட்டு வைக்கும்படியும் சொல்லிவிட்டோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து மலைநாடெங்கும் மண்சரிந்தபோது, நெஞ்சு பதைத்துப் பல நாள் அந்தப் பேரனின் தொலைபேசிக்கு எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கிடைத்தான். இரவோடிரவாக லயத்தை விட்டு இறங்கிப் பாடசாலையில் தங்கினார்களாம். "பாட்டி என்ன எடுத்துக்கிட்டு வந்தாங்க தெரியுமா? அடையாள அட்டையும், ஒங்க படமும்" என்றான்.

நம் வீட்டுக்குச் செய்ய வேண்டியவை

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ஜன்னலோரமாகச் சாய்வாக வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே நல்ல கைத்தொலைபேசியால் படம் எடுங்கள். உங்கள் நிழலும் விளக்கின் பளபளப்பும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகுதான் மற்ற யோசனைகள்.

சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சுற்றிவர அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். பசைப் பக்கத்தில் ஒட்டிப் பிளாஸ்டிக் தாளால் மூடும் அல்பம் வேண்டாம். அந்தப் பசையே காலப்போக்கில் படத்தைப் பழுப்பாக்கும். உரிக்கவும் விடாது. அல்பத்தை அலுமாரியின் அடித்தட்டிலோ, ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காமல், உயரமான தட்டில் வையுங்கள். வெயில் காயும் நாட்களில் அலுமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள். படத்தை மட்டும் நேர் வெயிலில் காட்டாதீர்கள், மங்கிவிடும்.

கமராவைத் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் மணிகளோடு போட்டு வையுங்கள். கடையிலும் வாங்கலாம். நீல மணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்குப் பாவிக்காத பாத்திரத்தில் இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அதை வாயில் போட்டால் ஆபத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். அரிசிக்குள் கமராவைப் புதைப்பது வேண்டாம். அரிசித் தூசு உள்ளே போய் வேறு வினையாகும்.

படங்கள் இப்போது கைத்தொலைபேசியிலேயே கிடக்கின்றன. தொலைபேசி தொலைந்தால் பத்து வருடம் தொலையும். மிக வேண்டிய பத்துப் படங்களையாவது அச்சடித்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். பின்புறம் பென்சிலால் பெயர் எழுதுங்கள். ஒரு தலைமுறை போனால் முகத்துக்குரியவர் யாரென்று சொல்ல ஆள் இருக்காது.

உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் அறிவேன். எங்கள் வாப்பாவின் பேணுதலை இன்றும் மதிக்கிறேன். என் வீட்டுச் சுவரிலும் படம் இல்லை. உங்கள் வீட்டு முடிவு உங்களுடையது. ஆனால் ஒன்றில் நாம் எல்லோரும் ஒத்துப்போகலாம். அடுத்தவர் முகம் அமானிதம். கல்யாண வீட்டில் ஒரு சகோதரியை அவளறியாமல் எடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறோமே, அது அமானிதத்தைப் பாழாக்குவது அல்லவா? கேட்டு எடுப்போம். எடுத்ததை அவருக்கே முதலில் காட்டுவோம். அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம்.

உம்மாவின் படம் கெட்டதற்கு வாப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அன்பினால் பொதிந்து வைத்தார். நான் அவசரத்தினால் உரித்தேன். கண்ணாடித் துண்டில் இன்னும் உம்மாவின் ஒரு கண்ணும் முக்காட்டின் ஓரமும் இருக்கின்றன. அதை அப்படியே மகள் படம் எடுத்துத் தந்திருக்கிறாள். அதன் பின்புறம் நான் எழுதி வைத்தேன்: உம்மா. ஹேவாஹெட்ட. இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.